ஒட்டு விழும் சுவரம்

பாடுகிறவரிடம் பக்கவாத்தியக்காரர் முதலில் கேட்பது ராகத்தையோ தாளத்தையோ அல்ல, சுருதியை. "ஒண்ணு", "ஒண்ணரை", "நாலரை", "அஞ்சு" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதைக் கொண்டு மிருதங்கக்காரர் தக்குச் சுருதி மிருதங்கத்தை எடுப்பதா, சிறிய ஹெச்சுச் சுருதி மிருதங்கத்தை எடுப்பதா என்று முடிவு செய்வார். வயலினின் தந்திகள் அதற்கேற்ப இறங்கும் அல்லது ஏறும். தம்புரா கூடும். ஒரு மனிதரின் தொண்டைக்காக மேடையே தன்னை மாற்றிக்கொள்கிற இந்தச் சில நிமிடங்களைக் கச்சேரியின் முன்னேற்பாடு என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது நம் இசையின் மிகப் பெரிய கொடைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. அந்தக் கொடையை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

அந்த ஒற்றைச் சொல் பதில் கட்டையைக் குறிக்கிறது. கட்டை என்பது ஆர்மோனியம் தந்த கணக்கு. வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. எட்டாவது கட்டைக்குப் போனால் முதல் கட்டையே மேல் ஸ்தாயியில் திரும்பி வந்துவிடும். ஆனாலும் ஊர்ப் பேச்சில் "எட்டுக்கட்டைத் தொண்டை" என்பது பாராட்டு. கட்டை கூடக் கூடப் பாடகர் பெரியவர் என்று ஒரு காலத்தின் காது எடைபோட்டது. அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. உயரத்தை அளக்கும் கோலாகக் கட்டையைப் பார்ப்பதில் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துபோகிறது. கட்டை நமக்கு உண்மையில் சொல்வது, ஒருவருடைய குரலின் ஒட்டு எந்தச் சுவரத்தில் விழுகிறது என்பதை.

ஒட்டு என்று நான் சொல்வது என்ன? குரல் அடியிலிருந்து உச்சிவரை ஒரே துணியாக நெய்யப்பட்டதல்ல. இரண்டு துணிகள் ஓரிடத்தில் சேர்கின்றன. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு நாண்களின் உள்ளேயே ஒரு தசை உண்டு. அது இறுகும்போது நாண் குட்டையாகி, தடித்து, முழு ஆழத்துக்கும் ஒன்றோடொன்று மோதி அதிர்கிறது. குரல்வளைக்கு வெளியே முன்பக்கம் வேறொரு தசை இருக்கிறது. அது குருத்தெலும்பைச் சாய்த்து நாணை நீளவாக்கில் இழுக்கிறது. இழுபட்ட நாண் மெலிந்து, விளிம்பில் மட்டும் அதிர்கிறது. முதல் தசை ஆளும் பகுதி கனமான, பேச்சுக்கு நெருக்கமான குரல். இரண்டாவது ஆளும் பகுதி மெல்லியது. ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கும் இடம் பயிற்சியில்லாத தொண்டையில் பளிச்சென்று தெரியும்: குரல் உடையும், சறுக்கும், திடீரென்று காற்றாகும்.

மேற்கத்திய இசையில் இதை முதலில் தெளிவாக வரையறுத்தவர்களில் ஒருவர் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். ஒரே இயக்கத்தால் பிறக்கும் ஒரே தன்மையுள்ள ஒலிகளின் தொடர்ச்சியே குரலின் ஒரு பகுதி என்று 1840களில் எழுதினார். 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் செலுத்தி, சூரிய வெளிச்சத்தை அதன்மேல் விழச் செய்து, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். மருத்துவ உலகம் அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டது. பாடத் தெரிந்த ஒருவர் 'இது எங்கிருந்து வருகிறது?' என்று உள்ளே எட்டிப் பார்த்ததில் ஒரு மருத்துவத் துறைக்கே வழி பிறந்தது எனக்கு அலுக்காத செய்தி.

நம் மரபும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது. பதிலை உணர்விலிருந்து எடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் இருந்து சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம், கீழ் ஸ்தாயியான மந்தரத்துக்கு இதயத்தையும் நடு ஸ்தாயியான மத்தியத்துக்குக் கண்டத்தையும் மேல் ஸ்தாயியான தாரத்துக்குத் தலையையும் இடமாக வைக்கிறது. தியாகராஜர் ஜகன்மோகினி ராகக் கிருதியான 'சோபில்லு சப்தஸ்வர'வில் நாபி, இதயம், கண்டம், நாக்கு, நாசி என்று ஒலி உலவும் இடங்களைச் சொல்கிறார். தமிழிசை மரபில் இந்த மூன்று நிலைகளுக்கும் மெலிவு, சமன், வலிவு என்று பெயர். ஒலி பிறப்பதென்னவோ எப்போதும் மிடற்றில்தான். ஆனால் கீழே பாடும்போது மார்பில் கைவைத்தால் அதிர்வு தெரியும், மேலே போகும்போது அது மண்டைக்கு ஏறிவிட்டதாகத் தோன்றும். பாடுகிறவனுக்குத் தசையின் பெயர் தெரியவேண்டியதில்லை. அதிர்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மார்புக்குரல், தலைக்குரல் என்று இத்தாலியர் சொன்னதும் நம் சாஸ்திரம் இதயம், தலை என்று சொன்னதும் ஒரே உடலைப் படித்தவர்களின் சொற்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கில்லாமல் இந்த விஷயம் புரியாது. ஆளுக்கு ஆள் மாறினாலும், கனத்த குரல் மெல்லிய குரலுக்கு வழிவிடும் இடம் பெரும்பாலோருக்கு வினாடிக்கு ஏறக்குறைய 300 முதல் 350 அதிர்வுகளுக்குள் இருக்கிறது. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதுதான் வியப்பு. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் 131 அதிர்வுகள். அவருக்கு மந்தர பஞ்சமம் 98, தார ஷட்ஜம் 262, தார பஞ்சமம் 392. நம் கிருதிகளில் பெரும்பாலானவை மந்தர பஞ்சமத்துக்கும் தார பஞ்சமத்துக்கும் நடுவிலான இரண்டு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரு கட்டைக்காரருக்கு ஒட்டு தார ரிஷபத்துக்கும் தார மத்தியமத்துக்கும் இடையில் விழுகிறது. மந்தரம் முழுவதும், மத்தியம் முழுவதும், தார ஷட்ஜம் உட்பட அவருக்கு ஒரே துணி. ஆலாபனையின் பெரும் பகுதியை அவர் குரல் மாறாமல் பாடிவிடலாம்.

அவரே இரண்டு கட்டைக்கு ஏறினால்? தார ஷட்ஜம் 294க்கு வந்துவிடுகிறது, அதாவது ஒட்டின் வாசற்படிக்கு. ஆலாபனையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறி, கடைசியில் தார ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நிற்பதுதான் சபையே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் இடம். அந்த இடத்திலேயே ஒட்டு விழுந்தால் பாடகர் அங்கே நிற்பதற்குப் போராட வேண்டும். சிலருக்கு அந்தப் போராட்டமே அழகாக அமைந்துவிடுகிறது. பலருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு கட்டைக்கும் இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு முழுச் சுவர இடைவெளிதான். அதற்குள் ஒரு பாடகரின் வாழ்க்கையே மாறிவிடலாம்.

பெண்களின் கதை இன்னும் நுட்பமானது. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஆதார ஷட்ஜம் 196. அவருடைய மத்திய ஸ்தாயிப் பஞ்சமமே 294 ஆகிவிடுகிறது. கைசிகி நிஷாதம் 349. ஒட்டு அவருக்குத் தார ஸ்தாயியில் இல்லை. ராகம் தன் முகத்தைக் காட்டும் பஞ்சம தைவத நிஷாதப் பகுதியில், வீட்டின் நடுக்கூடத்தில், விழுகிறது. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுத்த தைவதம் அவருக்கு 311. அந்தத் தைவதம் அசையாமல் நிற்கும் சுவரமல்ல, அசைந்தால்தான் தோடி. மேல் நிஷாதத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கும் அந்த அசைவு முழுவதும் ஒட்டின்மேலேயே நிகழ்கிறது. ஒவ்வோர் அசைவிலும் கனத்த குரலும் மெல்லிய குரலும் கைமாறிக்கொண்டால் தோடி சிதறும். அதைச் சிதறவிடாமல் பாடுகிற பெண் பாடகர்கள் தம் தொண்டைக்குள் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறார்கள் என்பதை நாம் பேசுவதேயில்லை. ஆண் பாடகர் தோடியில் அநாயாசமாக உலவுகிறார் என்றும், பெண் பாடகர் 'சிரமப்பட்டு' பாடினார் என்றும் எழுதுகிற விமர்சகர், இருவரும் ஒரே தைவதத்தைப் பாடினாலும் ஒரே இடத்தில் பாடவில்லை என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் பாட்டின் சுருதியை எழுதியவரே முடிவு செய்துவிடுகிறார். ஆகவே குரல்களை அங்கே வகைப்படுத்தினார்கள்: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். பாட்டு அசையாது, அதற்குப் பொருந்தும் ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். நம்மிடம் அந்த வகைகள் இல்லை. தேவைப்படவில்லை. பாட்டை ஆளுக்குப் பொருத்திக்கொள்கிறோம். ஆனால் அங்கே வகைப்படுத்த வேண்டிய கட்டாயத்தால் ஒரு குரலின் ஒட்டு எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கடப்பது என்று ஆசிரியர்கள் உட்கார்ந்து ஆராய வேண்டியிருந்தது. நமக்குக் கிடைத்த சுதந்திரத்தால் அந்த ஆராய்ச்சியை நாம் குருவின் காதுக்கும் மாணவரின் அதிர்ஷ்டத்துக்கும் விட்டுவிட்டோம்.

கனத்த குரலை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற கேள்வி அங்கும் ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. 1837இல் பாரிஸில், ரோசினியின் 'வில்லியம் டெல்' இசைநாடகத்தில், ழில்பேர் துப்ரே என்ற பாடகர் 523 அதிர்வுள்ள உச்ச சுவரத்தை மார்புக்குரலின் முழுக் கனத்தோடு பாடினார். அதுவரை அந்த உயரத்தை மெல்லிய குரலில்தான் தொடுவார்கள். அரங்கம் எழுந்து நின்றது. ரோசினிக்கு அந்தக் கத்தல் பிடிக்கவில்லை, ஆனால் கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. பாரிஸ் ஒபேராவில் அதுவரை முதலிடத்தில் இருந்த அடோல்ஃப் நூரி மென்மையாகப் பாடுபவர். அவர் வேலையை விட்டு இத்தாலிக்குப் போய் அந்தப் புதிய முறையைக் கற்க முயன்றார். இருந்த மெல்லிய குரலும் போயிற்று. 1839இல் நேப்பிள்ஸில் மாடியிலிருந்து குதித்து இறந்தார்.

இந்த இடத்தில் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தவர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகை. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்டாக வேண்டும். ஆகவே உயர்ந்த சுருதி. ஐந்து கட்டையில் பாடும் ஓர் ஆண் தார ஸ்தாயிச் சுத்த மத்தியமத்தைத் தொட்டால் அது எத்தனை அதிர்வு தெரியுமா? 523. பாரிஸை எழுந்து நிற்கவைத்த அதே சுவரம். அந்த உயரங்களை நம் நாடக மேடை விருத்தத்தின் நடுவே, எந்த அறிவிப்பும் இல்லாமல் கடந்து போய்க்கொண்டிருந்தது. இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். கிட்டப்பாவுடன் மேடையைப் பகிர்ந்துகொண்ட கே.பி. சுந்தராம்பாளின் குரலையும் கேளுங்கள். உச்சத்திலும் மெலியாத குரல் அது. கனத்த குரலை ஒட்டுக்கு மேலேயும் கொண்டுபோய், அங்கே கணீரென்று நிறுத்துகிறவர். இருவரும் பாடியது பெரும்பாலும் ஒட்டுக்கு மேலிருக்கும் உலகத்தில். அது ஒரு தனி அழகியல். நாடகத்தனம் என்று பின்னால் வந்தவர்கள் அதை ஒதுக்கியது அநியாயம் என்பது என் கருத்து.

1930களிலும் 40களிலும் ஒலிபெருக்கி சபாக்களுக்குள் வந்தது. கடைசி வரிசைக்குக் குரலைக் கொண்டுபோகும் பொறுப்பு தொண்டையிலிருந்து கம்பிக்கு மாறியதும் ஆண்களின் சுருதி இறங்கத் தொடங்கியது. இன்று ஆண் பாடகர்களில் பெரும்பாலோர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் நாதஸ்வரமும் இறங்கியது: குட்டையான திமிரியின் இடத்தில், நீண்டு தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நிலைநிறுத்தினார். காது கனத்தைத் தேடத் தொடங்கிய காலம் அது. ஒட்டு தார ஸ்தாயிக்குத் தள்ளப்பட்டதும் மத்திய ஸ்தாயி முழுவதும் ஆண்களுக்குத் தடையில்லாத வெளியாகிவிட்டது. நீண்ட, நிதானமான ஆலாபனைக்கும், மந்தரத்தில் இறங்கி நிற்கிற பழக்கத்துக்கும் இந்த இறக்கம் பெரிதாக உதவியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எம்.டி. ராமநாதன் அதன் எல்லைவரை போனார். ஒரு கட்டைக்கும் கீழே சுருதி வைத்துக்கொண்டு, ஒட்டுப் பக்கம் போகவே அவசியமில்லாத ஓர் இசையை உருவாக்கினார். அவர் பாட்டில் அவசரமின்மைக்கு அந்தச் சுருதியும் ஒரு காரணம். பாலமுரளிகிருஷ்ணா மூன்று ஸ்தாயி பாடினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். மூன்று ஸ்தாயிக்குள்ளும் ஒட்டு எங்கே என்று தெரியாதபடி பாடினார் என்பதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

பெண்களின் சுருதியும் இறங்கியது. டி.கே. பட்டம்மாளின் தாழ்ந்த, கனமான குரல் ஒரு தலைமுறைக்கே இலக்கணமானது. திரையிசையில் பெண் குரல் மேலே மேலே ஏறி மெலிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் கச்சேரி மேடையில் அது கீழே இறங்கிக் கனத்துக்கொண்டிருந்தது. கனமே கௌரவம் என்றாகிவிட்டதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஒட்டுக்கு மேலிருக்கும் மெல்லிய குரலை நாம் 'கள்ளத் தொண்டை' என்று ஒரே வார்த்தையில் குற்றவாளி ஆக்கிவிட்டோம். மூச்சு கசிய, பிடிப்பில்லாமல், சுவரத்தைத் தொட்டதாகப் பாவனை செய்யும் குரல் கள்ளம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாண்கள் முழுமையாகச் சேர்ந்து, மெலிந்து, தெளிவாக ஒலிக்கும் தலைக்குரல் கள்ளமல்ல. அது உடலில் உள்ள ஒரு வழி. இரண்டையும் ஒன்றாகத் திட்டியதால் பல பெண்கள் தார காந்தாரம், மத்தியமம்வரை கனத்த குரலையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஐந்து கட்டையில் தார அந்தர காந்தாரம் 494 அதிர்வுகள். வருடக்கணக்கில், நாள்தோறும், வகுப்பெடுத்துக்கொண்டும் கச்சேரி செய்துகொண்டும் இப்படி இழுத்தால் குரல்நாணில் முடிச்சு விழுவதில் ஆச்சரியமில்லை. தொண்டை மருத்துவர்களிடம் போய் உட்காரும் பாட்டு டீச்சர்கள் எத்தனையோ பேர். வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. குரல் போயிற்று என்று சொல்வதை ஒழுக்கக் குறைவைச் சொல்வதுபோல ஒளித்துவைக்கிறார்கள்.

ஒட்டைக் கடக்க நம் சாதக முறையிலேயே வழி இருக்கிறது. மந்தர ஸ்தாயி வரிசை, மேல் ஸ்தாயி வரிசை, அகார சாதகம் எல்லாம் இதற்குத்தான். விடியற்காலையில் மந்தரத்தில் நின்று பாடச் சொன்ன பெரியவர்கள் தடித்த நாணைப் பழக்கினார்கள். மேல் ஸ்தாயியில் குரலை அடக்கி, சன்னமாகப் பிடித்துப் பிறகு திறக்கச் சொன்னவர்கள் மெல்லிய நாணைப் பழக்கினார்கள். இரண்டும் பழகிய தொண்டையில்தான் இடையில் உள்ள பகுதி கலந்து ஒன்றாகும். கலப்பது மெதுவாக நடக்கிற வேலை. சன்னமாகப் பாடிப் பழக வேண்டிய வேலை. 'வாய்விட்டுப் பாடு' என்ற ஒரே கட்டளையை ஒட்டு இருக்கும் இடத்தில் சொன்னால் குழந்தை கத்தும், அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. வகுப்பில் இருபது பிள்ளைகள், ஒரு சுருதிப்பெட்டி. டீச்சரின் கட்டையில் எல்லோரும் ஸரளி வரிசை பாடுகிறார்கள். ஆண் குரு தன் ஒரு கட்டையில் பாட, பெண் குழந்தை மந்தரத்துக்கும் மத்தியத்துக்கும் நடுவில் தத்தளிக்கிறது. பையன்களுக்கு மகரக்கட்டு வரும்போது குரல்வளை வளர்ந்து, நாண் நீண்டு, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளின் நாட்களில் மகரக்கட்டு வந்த பையனுக்குப் பாட்டு வேடம் போய்விடும். எத்தனையோ நல்ல பாடகர்களின் முதல் துக்கம் அது. பெண்களின் குரலும் அந்த வயதில் சற்று இறங்குகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. பத்து வயதில் ஐந்தரை என்று தீர்மானித்ததையே இருபது வயதிலும் வைத்துக்கொண்டு, எட்டாத தார பஞ்சமத்துக்காகத் தன்னையே நொந்துகொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். குறைத்தால் கௌரவக் குறைவு என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

தம்புராவும் ரீடு வைத்த பழைய சுருதிப்பெட்டியும் மட்டும் இருந்த காலத்தில் கட்டையை மாற்றுவது சிரமம். இப்போது மின் சுருதிப்பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினால் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில்கூட நிற்கலாம். ஆகவே பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைத் தார ஸ்தாயியில் எதுவரை எட்டுகிறது என்று மட்டும் சோதிக்காதீர்கள். ஒரு தோடியோ பைரவியோ பஞ்சமத்திலிருந்து தார ஷட்ஜம்வரை மெதுவாகப் பாடச் சொல்லி, குரல் எங்கே நிறம் மாறுகிறது என்று கேளுங்கள். அந்த இடத்தைப் பிள்ளைக்கும் காட்டிக்கொடுங்கள். அதன் பிறகு சுருதியை அரைக்கால் கட்டை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மகரக்கட்டு வயதிலும், குழந்தை பெற்ற பிறகும், தொண்டை நோய் வந்து போன பிறகும் மறுபடி பாருங்கள். கட்டை குறைந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.